குறுவை நெல்லும் என் புதுப் பல்லும்

எங்கள் பக்கம் குறுவை அறுப்பு தொடங்கினால் என் வாய்க்கு வேலை வந்துவிடும். பேசுகிற வேலை இல்லை. பேச்சு எனக்கு அவ்வளவாக வராது. நாலு பெண்கள் நின்று பேசினால் நானும் கூட நிற்பேன், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. எனக்கு வருகிற வேலை நெல் கடிப்பது.

காயப்போட்ட நெல்லில் ஒன்றிரண்டை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தால் அது காய்ந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். நன்றாகக் காய்ந்த நெல் ‘கடுக்’ என்று இரண்டாக உடையும். ஈரம் இருந்தால் உடையாது, நசுங்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எல்லோருக்கும் பல்லும் இருக்கிறது. ஆனாலும் எங்கள் தெருவில் நான் கடித்துச் சொன்ன பிறகுதான் மூட்டை கட்டுவார்கள். ஏன் அப்படி ஆனது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் ஒரு நெல்லைக் கடித்துவிட்டு அரை மணி நேரம் பேசுவார்கள். நான் “காஞ்சிருச்சு” என்றோ “இன்னும் ஒரு வெயில்” என்றோ சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். குறைவாகப் பேசுகிறவளுக்கு நிறையத் தெரியும் என்று ஊருக்கு ஒரு நினைப்பு. என் வீட்டுக்காரர் மட்டும் அதை நம்புவதில்லை.

திருவானைக்காவலில் இருந்து கல்லணைக்குப் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் கொள்ளிடம், நடுவில் நெல்லும் வாழையும். நான் அஞ்சாவது வரை படித்தவள். எழுதுவது எனக்குப் பேசுவதைவிட எளிது. எழுதும்போது எதிரே யாரும் நிற்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொல்லச் சொன்னால் சொல்லியிருக்க மாட்டேன்.

போன கோடையில் என் பற்கள் என்னைவிட்டுப் போயின. முதலில் முன்பல் இரண்டு, பிறகு பக்கத்தில் இருந்தவை. மகன் தில்லை நகரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். அங்கே இருந்த டாக்டர் பெண், மிச்சம் இருந்ததும் ஆடுகிறது, எடுத்துவிட்டு முழுசாக செட்டே கட்டிவிடலாம் என்றது. ஆவணியில் மேலே ஒன்று, கீழே ஒன்றாக எனக்குப் பல் செட்டு வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். என் முகத்தில் வேறு யாரோ சிரிப்பது போல இருந்தது. அன்றோடு சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. “எழுபது வயசுல பல்லு விழுந்ததுக்கு என்னம்மா வெக்கம்?” என்று மகன் கேட்டான். விழுந்ததற்கு வெட்கம் இல்லை. கட்டிக்கொண்டதற்குத்தான் வெட்கம். இந்த வயதில் அலங்காரம் கேட்கிறதா என்று யாராவது நினைத்துவிட்டால்? இடையில் இரண்டு மாதம் வாய் பொக்கையாக இருந்தபோதுகூட முந்தானை காப்பாற்றியது. நான் பேசாமல் இருப்பதை யார் புதிதாகக் கவனிக்கப் போகிறார்கள்? வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் மகனுக்கும் மட்டும் தெரியும். சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி, “பரண்ல எலி ஏதாச்சும் ஓடுதா, இல்ல நீ அப்பளம் திங்கிறியா?” என்பார். நான் அப்பளத்தைக் குழம்பில் ஊறப்போட்டுத் தின்னக் கற்றுக்கொண்டேன்.

இனி என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கொழுந்தனாரின் மனைவி. பக்கத்து வீடுதான், நடுவில் ஒரு மண்சுவர். என்னைவிடப் பத்து வயது சிறியவள். பேச்சில் என்னைவிட நூறு மடங்கு பெரியவள். கொழுந்தனார் தவறிப்போய் இரண்டு வருடம் ஆகிறது. அவளுடைய மகன் வெளிநாட்டில் வேலையில் இருக்கிறான். நிலத்தை வாழைக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு நிம்மதியாக இரு என்று அவன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். இவள் கேட்கவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்தக் குறுவையை அவளே பயிர் செய்து பார்ப்பது. நெல் கெடாமல் வீணாகாமல் அரசாங்கக் கொள்முதல் நிலையம் போய்ச் சேர்ந்தால் நிலம் அவள் கையில். மழையில் மாட்டினால் வாழைக்காரர் கையில்.

நடவில் இருந்து அறுப்பு வரை அவள் வரப்பிலேயே கிடந்தாள். தண்ணீர் பாய்ச்சப் போனவள் பயிரோடு பேசிக்கொண்டிருப்பது எங்கள் கொல்லை வரை கேட்கும். பயிர் பதில் சொல்ல இடமே கொடுக்கமாட்டாள். புரட்டாசியில் நாலு நாள் மழை அடித்து வாய்க்கால் ஓரத்துப் பயிர் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. மற்றபடி கதிர் நன்றாகப் பிடித்திருந்தது. கையில் உருவினால் பாரமாக இருக்கும், பதர் ரொம்பக் குறைவு, நிறமும் நல்ல மஞ்சள். எங்கள் வயலில்கூட அந்த வருடம் அப்படி வரவில்லை. என் வீட்டுக்காரர் அதை ஒப்புக்கொள்ளாமல், “அவ வயல்ல வெயில் கொஞ்சம் நல்லா விழுது” என்றார். இரண்டு வயலுக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்பு.

அறுப்பு மாதத்தில் அவருக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. காலையில் டீக்கடைக்குப் போய், எந்த ஊரில் அறுப்பு எவ்வளவு நடந்திருக்கிறது என்று சேதி சேகரித்துக்கொண்டு வருவார். வந்ததும் வாசலில் நின்றே ரேடியோ மாதிரி வாசிப்பார். “உத்தமர்சீலியில பாதி முடிஞ்சிருச்சு. கிளிக்கூட்டுல மிஷின் வந்து நிக்குது, வயல் காயல. லால்குடிப் பக்கம் இன்னும் பச்சை.” கேட்க யாரும் இல்லாவிட்டால் என்னிடம் வாசிப்பார். அவர் சொல்லும் சேதி இரண்டு நாள் பழசாக இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள்.

ஐப்பசி பிறந்து சில நாளில் ஓரகத்தியின் வயலில் பெல்ட் மிஷின் இறங்கி அறுத்தது. நெல்லை எங்கள் வீட்டுக்கு எதிரே ரோட்டு ஓரத்தில் காயப்போட்டாள். வியாழக்கிழமை கொள்முதல் நிலையத்தில் அவளுக்கு டோக்கன். அன்றைக்கு விட்டால் தீபாவளி கழிந்துதான் முறை வரும். அதற்குள் மழை எத்தனை தடவை வரும் என்று சொல்ல முடியாது. ஈரத்தில் கிடந்த நெல் மூன்றாம் நாள் முளை காட்டிவிடும்.

புதன்கிழமை மூன்று மணி இருக்கும். உள்ளங்கையில் நெல்லோடு வந்து நின்றாள்.

“அக்கா, கடிச்சுச் சொல்லுக்கா. இப்ப கட்டினாத்தான் காலையில வண்டியில ஏத்த முடியும்.”

என் வீட்டுக்காரர் டீக்கடையில் இருந்தார். நான் இரண்டு நெல்லை எடுத்து வாயில் போட்டேன். ‘டக்’ என்று நல்ல சத்தம். சந்தேகத்துக்கு இன்னொன்று போட்டேன். அதுவும் ‘டக்’. இவ்வளவு தெளிவான சத்தம் என் சொந்தப் பல்லில்கூடக் கேட்டதில்லை.

“காஞ்சிருச்சு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அவள் அன்று சாயந்திரமே மூட்டை கட்டினாள்.

மறுநாள் காலையில் துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். கொள்முதல் நிலையத்தில் ஒரு கொட்டகை, ஒரு சிமெண்டுக் களம், களத்துக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஒரு வேப்பமரம். மூட்டை தூக்குகிறவர்கள் ஏழெட்டுப் பேர், நெல்லோடு வந்த ஆண்கள் பதினைந்து பேராவது இருப்பார்கள். பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் தார்ப்பாய் அடுக்குக்குப் பின்னால் ஓர் இடம் பார்த்து நின்றுகொண்டேன்.

மேசைக்குப் பின்னால் இருந்த கிளார்க் தலை நரைத்தவர், மூக்கு நுனியில் கண்ணாடி. ஒரு மூட்டையில் கையை விட்டு நெல்லை எடுத்து ஊதினார், பதர் பறக்கவில்லை. தேய்த்து அரிசியைப் பார்த்தார். “நல்ல நெல்லும்மா” என்றார். ஓரகத்தி என் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவர் நெல்லை ஈரம் பார்க்கிற மிஷினில் போட்டார். பார்த்தார். வேறு மூட்டையில் எடுத்துப் போட்டார்.

“ஈரம் கூட இருக்கே. பத்தொன்பதைத் தாண்டுது. பதினேழு வரைக்கும்தான் எடுக்கலாம்.”

“மிஷினைக் கொஞ்சம் தட்டிப் பாருங்க சார்.”

“தட்டினா ஈரம் கொட்டிடுமா?”

“எங்க அக்கா கடிச்சுப் பாத்துச் சொல்லிட்டாங்க சார், காஞ்சிருச்சுன்னு.”

“எந்த அக்கா?”

அவள் தார்ப்பாய்ப் பக்கம் கையைக் காட்டினாள். இருபது தலைகள் திரும்பின. எனக்கு அந்தத் தார்ப்பாயையே எடுத்துப் போர்த்திக்கொள்ளலாம் போல இருந்தது.

“அவங்க பல்லுல நம்பர் வருமா?” என்றார் கிளார்க். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள்.

“நம்பர் வராது சார். ஆனா பேட்டரி போடாமலே வேலை செய்யும். இத்தனை வருஷத்துல ஒரு தரம் தப்பினதில்ல. உங்க மிஷின் வந்து எத்தனை வருஷமாச்சு?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நேற்று கேட்ட சத்தம் நெல் உடைந்த சத்தம் இல்லை. மேல் செட்டும் கீழ் செட்டும் மோதிக்கொண்ட சத்தம். ஈர நெல் நடுவில் நசுங்கியது எனக்குத் தெரியவே இல்லை, அந்தப் பல்லுக்கு உணர்ச்சியே கிடையாதே. கூழாங்கல்லைப் போட்டிருந்தாலும் வெண்ணெயைப் போட்டிருந்தாலும் ‘டக்’ என்றுதான் சொல்லியிருக்கும்.

கிளார்க் நல்ல மனிதர். “சண்டை எதுக்கும்மா? இங்கேயே களத்துல கொட்டிக் காய வைங்க. நாலு மணிக்குள்ள இறங்கிச்சுன்னா இன்னைக்கே எடுத்துக்கிறேன். இல்லைன்னா டோக்கன் போயிடும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது” என்றார்.

“காஞ்ச நெல்லை எதுக்கு சார் மறுபடி காய வைக்கணும்? அரவையில குருணையாப் போயிடும்” என்று சொல்லிவிட்டு ஓரகத்தி ஒரு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கிழக்கே கல்லணைப் பக்கம் வானம் கொஞ்சம் கறுத்திருந்தது. களத்தில் நல்ல வெயில். அந்த வெயில் யாருக்கும் பயனில்லாமல் சிமெண்டைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. நான் அவள் பக்கத்தில் போய்ப் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

“கொட்டிடலாம்டி.”

“நீ சும்மா இருக்கா. உன்னைத்தான் கேலி பண்றாங்க. நான் விடுறதா இல்ல.” குரலை உயர்த்தினாள். “நீ வா, இவரு எதிர்க்கவே கடி. சத்தம் அவருக்கும் கேக்கட்டும்.”

என் கையில் நாலு நெல்லைத் திணித்தாள். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கடித்திருக்கலாம். நல்ல சத்தமாகவே கேட்டிருக்கும். அவள் இன்னும் ஒரு மணி நேரம் வாதாடியிருப்பாள், வெயில் போயிருக்கும், நெல்லும் போயிருக்கும். எனக்காக அவள் மூட்டை மேல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு மேல் செட்டைக் கழற்றினேன். முந்தானை நுனியில் வைத்து அவள் மடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திறந்து காட்டினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இது யாரு பல்லுக்கா?”

“என்னுது.”

“எப்பலேர்ந்து?”

“ஆவணியிலேர்ந்து.”

“ஆவணியிலேர்ந்தா? கிருஷ்ண ஜெயந்திக்கு என் கூட உக்காந்து சீடை தின்னியே!”

“திங்கல. மடியில கட்டிக்கிட்டுப் போயிட்டேன்.”

முதலில் சிரித்தது கிளார்க்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு மூட்டை தூக்குகிறவர்கள். வரிசையில் கடைசியில் நின்ற ஒருவருக்கு என்ன நடந்தது என்று தெரியாமல், முன்னால் நின்றவர் சொல்ல, அவர் தனியாக ஒரு தடவை சிரித்தார். ஓரகத்தி மட்டும் சிரிக்கவில்லை. என் ஒரு வார்த்தையை நம்பி மூட்டை கட்டியவள். அவள் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மூட்டையில் இருந்து இறங்கி, “கொட்டுங்கண்ணே” என்றாள் மூட்டை தூக்குகிறவர்களிடம்.

மெல்லியதாகப் பரப்பினோம். செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தை எடுக்காமல் இழுத்து இழுத்து நடந்தால் நெல்லில் சால் விழும், அடியில் இருக்கிற ஈரம் மேலே வரும். அவள் அந்தக் கோடியில் இருந்து, நான் இந்தக் கோடியில் இருந்து. நடுவில் சந்திக்கும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் பார்த்தாள். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ சந்தித்தபோது கேட்டாள்.

“மாமாவுக்குத் தெரியுமா?”

என் வீட்டுக்காரரைத்தான் அவள் மாமா என்பாள். “தெரியும்” என்றேன்.

“லால்குடி சேதியெல்லாம் வாசல்ல நின்னு கத்துறாரு. பக்கத்து வீட்டுக்கு வேண்டிய சேதிய மட்டும் முழுங்கிட்டாரு பாரு.”

அடுத்த தடவை, “வலிக்குதாக்கா அது?” என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். அதற்கடுத்த தடவை, “நல்லாத்தான் இருக்கு. முன்னாடி இருந்தது கோணல்” என்றாள். எனக்கு உயிர் வந்தது.

மத்தியானத்துக்கு மேல் கிளார்க் வந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். பதினெட்டரை. மூன்று மணிக்குப் பார்த்தபோது பதினேழும் சொச்சமும். அந்தச் சொச்சம் போகவில்லை. கறுப்பு எங்கள் தலைக்கு மேல் வந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் தார்ப்பாயைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்ததும், “கல்லணையில கொட்டுது. எப்படியும் இங்க வர ஒரு மணி நேரம் ஆகும்” என்றார். அவர் சேதி பழசாகத்தான் இருக்கும் என்பதால் அரை மணி நேரம்தான் இருக்கிறது என்று நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டோம்.

களத்தை நான் ஒரு தடவை பார்த்தேன். சுவர் ஓரமாக இருந்த நெல்லுக்குக் காலையில் இருந்து விடாமல் வெயில். வேப்பமரத்துப் பக்கம் இருந்ததற்குப் பாதி நேரம் நிழல். கிளார்க் இரண்டையும் கலந்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை ஓரகத்தியின் காதில் சொல்லி அவளைப் பேசச் சொல்வதுதான் என் வழக்கம். அவள் களத்தின் அந்தக் கோடியில் இருந்தாள். நானே கிளார்க்கின் மேசைக்குப் போனேன். கழற்றிய பல் இடுப்பில் முடிச்சாக இருந்தது; வாயில் காற்றுதான்.

“சார், சுவர் ஓரத்து நெல்லைத் தனியாப் பாருங்க. மரத்தடி நெல்லைத் தனியாக் கூட்டிடுறோம். காஞ்ச வரைக்கும் எடுத்துக்குங்க.”

எனக்கு நினைவு தெரிந்து வெளி ஆண்களிடம் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவருக்குப் பாதி புரிந்திருக்கும். ஆனால் எழுந்து வந்தார். சுவர் ஓரத்தில் மூன்று இடத்தில் எடுத்து மிஷினில் போட்டார். நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தைப் பார்த்தோம். எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“பதினேழு” என்றார் கிளார்க். “கூட்டுங்க, சீக்கிரம்.”

அதற்குப் பிறகு யார் என்ன செய்தார்கள் என்று எனக்கு வரிசையாக நினைவில்லை. அடுத்த டோக்கன்காரர்கூடப் பலகையைப் பிடித்து நெல்லைக் கூட்டித் தந்தார். சிரித்துவிட்டோமே, ஒரு கை கொடுப்போம் என்று நினைத்தாரோ என்னவோ. மூட்டைகள் எடை ஏறி ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குள் போயின. மரத்தடி நெல்லைக் கூட்டிக் கட்டும்போது தூறல் விழுந்துவிட்டது. தார்ப்பாய் போடுவதற்குள் அந்த நாலு மூட்டையும் நனைந்துவிட்டன. கிளார்க் அவற்றைப் பார்த்துக் கையை விரித்தார். ஓரகத்தியும் கேட்கவில்லை.

அந்த நாலையும் வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் வாசலில் இறக்கினோம். மறுநாளே அவித்துவிட்டால் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆகும். மழை இப்போது நன்றாகவே பிடித்திருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் மகன் போன் செய்தான். அவள் போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவாள்.

“என்னம்மா, மழை பெய்யுதாமே? நெல்லு என்னாச்சு?”

“எடுத்துட்டாங்க.”

“எல்லாமா?”

அவள் வாசலில் கிடந்த மூட்டைகளைப் பார்த்தாள். “நமக்குத் திங்க வேணாமா? நாலு மூட்டைய நான் கொடுக்கல.”

அவன் அம்மாவை அவனுக்குத் தெரியாதா? சிரித்துவிட்டான்.

“சரி, அப்ப வாழைக்காரர்கிட்ட என்ன சொல்லட்டும்?”

“வேற எங்கயாச்சும் பாத்துக்கச் சொல்லு. தாளடிக்கு உழவு சொல்லியாச்சு. நாளன்னைக்கு டிராக்டர் வருது.”

போனை வைத்தாள். அடுத்த போகத்து உழவுக்கு அவள் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

“மாமா, டிராக்டர்காரர் நம்பர் இருக்கா?”

என் வீட்டுக்காரர் கண்ணாடியை எடுத்துவரப் போனார். மழைச் சாரல் மூட்டைகள் மேல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் முதல் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள், நான் மறுமுனையைப் பிடித்தேன்.